கூடும்

சனிக்கிழமை, எட்டாம் திகதி, மாலை நாலரை.
புர்க்டோர்ஃப் நகரசபையின் நிலவறையில்
காளான் பரிசோதனை.
எங்களுக்கு முன்னால் ஆறு கூடைகள்.
அறை முழுக்கக் காட்டு மணம் என்கிறார்கள்.
எனக்கு மூன்றாவது மருந்தேற்றலோடு
எல்லா மணமும் ஒன்றாகிவிட்டது:
நாணயத்தை நக்கினால் வருவது.

பகீரதன் கூடையைத் தொட விடவில்லை.
இரவு முழுக்க ரெயில் பெட்டி கழுவிய கையோடு
நேரே காட்டுக்குப் போனவன்.
மாதத்தின் முதல் ஏழு நாள் பறிக்கத் தடை;
எட்டுக்கு வட்டம் போட்டுக் காத்திருந்தான்.
காளானுக்கு இங்கே ஓய்வுநாள் உண்டு.
என் மார்பில் இருப்பதற்கு
அப்படி ஒருவரும் சட்டம் எழுதவில்லை.

யாரோ சொல்லி, எங்கோ படித்து,
அவனுக்கு இப்போது எல்லாம் தெரியும்.
காளானின் சுவரில் ஒரு சர்க்கரைச் சங்கிலி.
குடலோரக் காவலர்கள் அதைத் தடவிப் பார்த்து
கள்ளன் என்று திடுக்கிட்டு எழும்புவார்களாம்.
எழும்பியவர்கள் சும்மா இருப்பார்களா,
உண்மைக் கள்ளனையும் தேடுவார்கள்.
இதைச் சொல்லும்போது அவன் விரல்கள்
மேசைமேல் ரோந்து போகும்.

டொக்டர் கெல்லர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
எலியில் பார்த்திருக்கிறார்கள்,
ஆய்வுகூடத் தட்டில் பார்த்திருக்கிறார்கள்,
மனிதரில் கொஞ்சம். போதாது.
உதவக்கூடும், என்றார்.
நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள்,
மருந்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.
அவர் மொழியில் அந்தச் சந்தேகம் முன்னால் வந்து நிற்கும்.
எங்கள் மொழியில் வாலில் தொங்கும்,
கவனிக்காவிட்டால் கழன்று விழும்.
பகீரதன் ‘உதவ’வோடு முன்னே நடந்தான்.
‘கூடும்’ என்னிடம்.
பேர்னிலிருந்து வீடு வரைக்கும்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வரிசை நகரவில்லை. யோசித்தேன்:
இந்த நோய்க்குப் புற்று என்று பேர் வைத்தவர்
கறையானைப் பார்த்தவராக இருக்க வேண்டும்.
மழைக்கு அதே புற்றின் தலையில்
வெள்ளையாய் வெடிப்பதும் காளான்தான்.
அகராதியில் இரண்டுக்கும் ஒரே வீடு.
இதை அவனிடம் சொல்லவில்லை.
சொன்னால் அதையும் மருந்தாக்கிவிடுவான்.

திருமதி ஏஷ்லிமானின் கட்டைவிரல் நகத்தில் மண்.
கூடையைப் பழைய செய்தித்தாளில் கவிழ்த்தார்.
ஒவ்வொன்றாகத் திருப்பி,
அடியை முகர்ந்து, கத்தியால் கீறி,
சிப்பிக் காளான் வலப்பக்கம்,
புழு வைத்தது வாளிக்கு.
ஒன்றில் கை நின்றது.
வெளிர்பச்சைத் தொப்பி. கழுத்தில் பாவாடை.
பாதத்தில் கிழிந்த பை.
அதைத் தனிக் கிண்ணத்தில் வைத்து மூடினார்.
‘ஈரலைத் தின்னும். சில நாள் போதும்.’
அதோடு ஒட்டிக் கிடந்தவையும் போயின.
பகீரதன் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

உள்ளே சூடு.
கம்பளித் தொப்பியைக் கழற்றினேன்.
அவர் என் தலையைப் பார்த்தார்,
மிஞ்சிய காளானைப் பார்த்தார்.
நான்தான் கேட்டேன்: இதற்கு நல்லதா?
‘அது என் வேலை இல்லை.
இது உங்களைக் கொல்லாது,
அதற்கு மட்டும் கையெழுத்துப் போடுவேன்.’
முந்நூற்று நாற்பது கிராம். முத்திரை.
இந்த வருடம் எனக்கு யாரும் எழுதித் தந்ததில்
இவ்வளவு உறுதியான தாள் வேறில்லை.

அரைமணி நேரம் வேகவைத்தான்.
வெங்காயம், மிளகு, கறிவேப்பிலை.
தண்ணீர் விட்டுச் சுருங்கி
கடைசியில் ஒரு கைப்பிடி.
வியாழன் இரத்தம் எடுப்பார்கள்;
வெள்ளையணுக் கணக்கில்
இந்தக் கைப்பிடி தெரியப்போவதில்லை.
அது அவனுக்கும் தெரியும்.
தான் சாப்பிடாமல்
என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதல் வாய், நாணயம்.
இரண்டாவது, நாணயம்.
மூன்றாவதில், நாக்கின் ஓரத்தில்,
எவரோ கதவைச் சற்றே தள்ளியதுபோல.

‘உப்புக் கூடிப்போச்சு’ என்றேன்.

அகப்பையைக் கீழே வைத்தான்.
‘எவ்வளவு?’ என்றான்.
‘சரியாய்ச் சொல்லு,
எவ்வளவு கூடிப்போச்சு?’